பின்னட்டையின் உட்புறம்

புத்தகம் வைத்திருக்கும் மனிதர்களில் இரண்டு இனம் உண்டு, வாசகரே. வாசிப்பதற்காக வைத்திருப்பவர்கள் ஓர் இனம். அவர்களைப் பற்றி எழுத ஒன்றுமில்லை. அவர்களுடைய புத்தகங்கள் எப்போதும் வேறு யாருடைய வீட்டிலோதான் கிடக்கும். நமக்கு வேண்டியது மற்ற இனம். இவர்கள் புத்தகத்தை வாங்குவார்கள், மணந்து பார்ப்பார்கள், உறை போடுவார்கள், அந்த உறை அழுக்காகாமல் இருக்க அதற்கு மேல் இன்னோர் உறை போடுவார்கள், பிறகு மட்டை வைத்துக் கட்டக் கொடுப்பார்கள், கட்டி வந்ததைக் கண்ணாடி அலுமாரிக்குள் வைத்துப் பூட்டுவார்கள், திறப்பை அரைஞாண் கொடியில் கோத்துக்கொள்வார்கள். எல்லாம் முடிந்ததும் அலுமாரிக்கு முன்னால் ஒரு கதிரையைப் போட்டு உட்கார்ந்து, "இந்தக் காலத்துச் சனம் வாசிக்கிறதே இல்லை" என்று மனம் நொந்து கதைப்பார்கள். இந்த இனத்துக்குப் பூட்டு வாசகர் என்று பெயர்.

ஆளை அடையாளம் காண்பது சுலபம். ஒரு புத்தகத்தை இரவலாகக் கேட்டுப் பாருங்கள். "அது பைண்டிங்கிலை நிக்குது" என்பார். இன்னொன்றைக் கேளுங்கள். "அதை முந்தியே ஓராளுக்குச் சொல்லிப்போட்டன்" என்பார். அந்த ஓராள் பிறந்திருக்கவே மாட்டார். சம்பந்தி, கடன் தந்தவர், கோயில் தர்மகர்த்தா என்று மறுக்க முடியாத யாராவது கேட்டுவிட்டால் மட்டும் வேறு வழியில்லாமல் அலுமாரி திறபடும். ஆனால் அதற்குச் சட்டதிட்டங்கள் உண்டு. சவர்க்காரம் போட்டுக் கை கழுவ வேண்டும். விரலில் எச்சில் தொடக் கூடாது. மூச்சைப் பக்கத்தில் விடக் கூடாது. முக்கியமாக, புத்தகத்தை அகல விரிக்கக் கூடாது. வேலி நீக்கலால் அடுத்த வளவைப் பார்க்கிற அளவுக்குத்தான் விரிக்கலாம். நாங்கள் வேலிக்குப் பெயர்போன ஊர்க்காரர் அல்லவா? அந்தப் பழக்கம் புத்தகத்திலும் வந்துவிட்டது.

இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும் என்று என்னிடம் கேட்காதீர்கள். என் வீட்டிலும் ஓர் அலுமாரி இருக்கிறது. அதோடு அந்தக் கதையை விட்டுவிடுவோம். நாம் பார்க்கப் போவது இந்த இனத்தின் சிகரம், சண்டிலிப்பாய் சீவரத்தினம்.

சீவரத்தினம் கூட்டுறவுச் சங்கத்தில் மனேச்சர். வயது ஐம்பத்திரண்டு. முழுக்க வழித்த முகம், நெற்றியில் மூன்று குறி, சட்டைப்பையில் இரண்டு பேனை. சங்கத்தில் சீனியும் மாவும் பங்கிடுகிற கண்டிப்பான மனிதர். அப்படிப்பட்டவருடைய அலுமாரியில் என்ன இருக்கும்? திருமுறையா, பாரதமா? இல்லை. இந்தியாவிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒன்றாக வந்துகொண்டிருந்த 'ஏஜெண்ட் கீரி' என்ற துப்பறியும் படக்கதைகள், நாற்பத்தேழு இதழ்கள், ஒன்று விடாமல். 'கறுப்புக் கையுறை' என்ற துரோகி இரகசியப் பிரிவுக்கு உள்ளேயே இருந்துகொண்டு நாட்டின் கோப்புகளை எல்லாம் எதிரிக்கு விற்கிறான். கீரி அவனைத் துரத்துகிறான். விமானத்தில் துரத்துகிறான், நீர்மூழ்கியில் துரத்துகிறான், ஒட்டகத்தில் துரத்துகிறான். பன்னிரண்டு வருடம் துரத்தியும் அவன் முகத்தை ஒருவரும் கண்டதில்லை. கையுறையை மட்டும்தான் காட்டுவார்கள்.

அந்தக் கையுறைக்குள் இருப்பது யார்? இந்தக் கேள்விதான் சீவரத்தினத்தையும் நாகலிங்கத்தையும் சேர்த்துக் கட்டியிருந்தது. நாகலிங்கம் வேலிக்கு அங்காலை இருக்கும் புகையிலைக்காரர். ஒரே வயது, ஒரே பள்ளிக்கூடம். துரோகி இரகசியப் பிரிவின் தலைவர் கேணல் பரசுராமர்தான் என்பது நாகலிங்கத்தின் கட்சி. "பெரிய இடத்திலைதான் பெரிய களவு" என்பார். சுருக்கெழுத்துக்காரி மிஸ் லோலாதான் என்பது சீவரத்தினத்தின் கட்சி. "அவள் ஏன் எப்பவும் கைப்பையோடை நிக்கிறாள்?" என்பார். புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் இறைக்கும்போதும் செத்த வீட்டில் பறை அடிக்கும்போதும் இருவரும் இதைத்தான் குசுகுசுப்பார்கள்.

அப்படியானால் நாகலிங்கத்துக்காவது சீவரத்தினம் புத்தகம் கொடுத்தாரா? எங்கே கொடுத்தார்! கொடுத்ததில்லை, காட்டியதுதான். நான்கு இதழைச் சேர்த்து ஒரு தொகுப்பாகக் கட்டி வந்த பிறகு, சீவரத்தினம் இரண்டு கையாலும் அதைப் பிடித்து நீக்கலளவு விரித்துக்கொண்டு கதிரையில் இருப்பார். நாகலிங்கம் பின்னால் நின்று தோளுக்கு மேலால் எட்டி வாசிப்பார். "முடிஞ்சுதே?" "ஓம், திருப்பு." இப்படியே பதினொரு தொகுப்பு. கட்டாத இதழை விரித்தால் முதுகு முறிந்துவிடும் என்பதால் கட்டுவதற்கு முன் வாசிக்கும் வழக்கம் சீவரத்தினத்துக்கே கிடையாது. தனக்கே கொடுக்காதவர் பிறருக்கு எப்படிக் கொடுப்பார்?

தொண்ணூறாம் ஆண்டு சண்டையில் தெற்குக்குப் போகிற பாதை பூட்டுப்பட்டது. மண்ணெண்ணெய் நின்றது, சவர்க்காரம் நின்றது, கடதாசி நின்றது. எல்லாருக்கும் ஒவ்வொரு கவலை. சீவரத்தினத்துக்கு நாற்பத்தெட்டாம் இதழ் வரவில்லை என்ற கவலை. அதுதான் கடைசி இதழ் என்று நாற்பத்தேழின் முன்னட்டையிலேயே கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள். "அடுத்த இதழோடு முற்றும்! கையுறை கழல்கிறது!" அதற்குப் பிறகு இரண்டு வருடம் கையுறை கழலவில்லை. குண்டு போடும் பொம்பர் சுற்றும்போது சீவரத்தினம் பதினொரு தொகுப்பையும் முதலில் பங்கர்க் குழிக்குள் இறக்குவார், பிறகுதான் மனைவி ஞானாம்பிகையைக் கூப்பிடுவார். "அடுத்தமுறை என்னையும் பைண்ட் பண்ணி வையுங்கோ, முன்னுக்கு இறக்குவியள்" என்று அந்த மனுசி ஒருநாள் சொன்னாள். இவர் அதை யோசித்துப் பார்த்தார்.

தொண்ணூற்றிரண்டில் ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்த நாற்பத்தெட்டாம் இதழ் வந்து சேர்ந்தது. ஓய்வூதிய அலுவலாகக் கொழும்புக்குப் போயிருந்த, ஊர்ப் பள்ளிக்கூடத்துப் பழைய ஸ்ரெல்லா ரீச்சர், அங்கே பழைய புத்தகக் கடையில் கண்டு வாங்கி, பாய்க்குள் சுற்றி, கிளாலிக் கடலைக் கடந்து கொண்டுவந்து கொடுத்தார்.

"வழியிலை வாசிச்சனீங்களோ ரீச்சர்?" என்று சீவரத்தினம் இதழின் ஓரங்களைத் தடவிப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

"எனக்கு உந்தப் பொம்மைப் படம் ஏன்? வள்ளத்திலை நான் செபமாலை சொல்லவே நேரம் காணேல்லை" என்றார் ரீச்சர்.

அவர் கேற்றைத் தாண்டுவதற்குள் வேலிக்கு மேலால் நாகலிங்கத்தின் தலை தெரிந்தது.

"சீவரத்தினம், வந்திட்டுதாமே?"

"ஓம், வந்திட்டுது."

"கடைசிப் பக்கத்தை மட்டும் ஒருக்கால் காட்டன்."

"கட்டி வரட்டும்."

"எடாப்பா, நான் வெள்ளிக்கிழமை போறன் எல்லே?"

இதுதான் விசயம். நாகலிங்கத்தின் மகள் கனடாவில் இருந்தாள். அப்பா அம்மாவைக் கூப்பிட்டுவிட்டாள். ஊரைவிட்டு வெளியேறப் பாஸ் கிடைத்துவிட்டது, வெள்ளிக்கிழமை காலையில் பயணம். போனால் போனதுதான், இந்த வயதில் திரும்பி வருவது யார்? கனடாவில் பனி இருக்கும், பணம் இருக்கும், நாற்பத்தெட்டாம் இதழ் இருக்காது. இப்போது பார்க்காவிட்டால் கையுறைக்குள் யார் என்பது தெரியாமலே நாகலிங்கத்தின் சீவியம் முடிந்துவிடும்.

சீவரத்தினத்துக்கும் அது தெரியும். கையில் இதழ் இருக்கிறது. திருப்பினால் கடைசிப் பக்கம். ஒரு விநாடி வேலை. ஆனால் அவருக்குக் கை வரவில்லை. பதினான்கு வருடத்து ஒழுக்கம் தடுத்தது.

"புதன்கிழமை கட்டி வந்திடும். வியாழன் முழுக்க உனக்குத்தான்" என்றார்.

"சரி. இவ்வளவு காலம் பொறுத்தனான், மூண்டு நாள் பொறுக்க மாட்டனே" என்றார் நாகலிங்கம். குரலில் கொஞ்சம் மனத்தாங்கல் இருந்தது. சீவரத்தினம் அதைக் கேட்டும் கேளாதவர்போல உறை போடக் கடதாசி தேடப் போனார்.

அடுத்த நாள் காலை மருதனார்மடத்துக்குச் சைக்கிள் மிதித்தார். சந்தைக்குப் பின்னால் சூசைதாசனின் புத்தகம் கட்டும் கடை. முதல் தொகுப்பிலிருந்து கட்டிக் கொடுத்தவர் அவர்தான். வழக்கம்போல் சீவரத்தினம் நான்கு இதழையும் வைத்து அவற்றோடு ஒரு துண்டையும் வைத்தார். அந்தத் துண்டில் எப்போதும் இதே மூன்று வரிதான் இருக்கும்: "அட்டை, விளம்பரம் யாவும் கழற்றவும். குத்துத் தையல், இறுக்கமாக. வேலை மட்டும், வாசிப்பு வேண்டாம்."

சூசைதாசன் துண்டைப் பார்த்துத் தலையாட்டினார். அவர் சொன்ன வேலையைச் சொன்னபடி செய்கிறவர். உலகத்தில் இப்படியானவர்களிடம்தான் நாம் ஆகவும் கவனமாக இருக்க வேண்டும்.

புதன்கிழமை பின்னேரம் பன்னிரண்டாம் தொகுப்பு வந்தது. ஞானாம்பிகை பால் இல்லாத தேத்தண்ணி ஊற்றினாள். நாகலிங்கம் வேட்டி மாற்றி, திருநீறு பூசி வந்தார். தடைக் காலத்தில் தங்கத்தைவிடப் பெறுமதியான சவர்க்காரத் துண்டொன்றை சீவரத்தினம் எடுத்துக் கொடுக்க, இருவரும் கை கழுவினார்கள். கதிரை போடப்பட்டது. நீக்கலளவு புத்தகம் விரிந்தது. "முடிஞ்சுதே?" "ஓம், திருப்பு." நாற்பத்தைந்து போயிற்று, நாற்பத்தாறு போயிற்று, நாற்பத்தேழும் போயிற்று. நாற்பத்தெட்டில் கீரி ஒரு சுரங்கத்துக்குள் கையுறையை மடக்கிவிட்டான். அறுபத்துநான்காம் பக்கம். கையுறை கழன்றது. முகமூடி கழன்றது. கீரியின் கண் பிதுங்கியது. "ஆ! நீங்களா?" என்றான் கீரி. அடியில் சின்ன எழுத்தில் ஒரு வரி: "முகத்தைக் காணப் பின்னட்டையின் உட்புறம் பார்க்கவும்."

சீவரத்தினம் திருப்பினார். அங்கே கோடு போட்ட கொப்பித் தாள் ஒன்று ஒட்டியிருந்தது. அதில் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒன்றின் உருண்டை எழுத்தில், "நுளம்பினால் பரவும் நோய்கள்" என்று தலைப்பிட்டு மலேரியா, யானைக்கால் என்று எழுதியிருந்தது.

"முடிஞ்சுதே?" என்று பழக்கத்தில் கேட்டார் சீவரத்தினம்.

நாகலிங்கம் தோளுக்கு மேலால் கையை நீட்டி அந்தத் தாளின் ஓரத்தை நகத்தால் சுரண்டிப் பார்த்தார்.

என்ன நடந்தது என்று உங்களுக்குப் புரிந்திருக்கும். நாற்பத்தேழு இதழிலும் பின்னட்டையின் உட்புறத்தில் பற்பொடி விளம்பரமோ தலைமயிர்த் தைல விளம்பரமோதான் இருந்தது. சாகப் போகிற பத்திரிகைக்கு யார் விளம்பரம் கொடுப்பார்? வெறுமனே விடுவானேன் என்று பதிப்பாளர் கதையின் கடைசிப் படத்தை, முழுப் பக்கத்துக்கு, அங்கே போட்டுவிட்டார். அதை சீவரத்தினம் தன் கைப்பட எழுதிக் கொடுத்துக் கழற்றுவித்துவிட்டார்.

வியாழக்கிழமை விடிய இரண்டு சைக்கிளும் மருதனார்மடத்தில் நின்றன. சூசைதாசன் பசை காய்ச்சிக்கொண்டிருந்தார். கோதுமை மா கிடையாத காலம், மரவள்ளி மாவில் மயில்துத்தம் போட்ட பசை.

"அட்டையோ?" என்றார் சூசைதாசன். "நீங்கள்தானே மனேச்சர் ஐயா கழற்றச் சொல்லி எழுதித் தந்தனீங்கள்."

"கழற்றினது சரி. எங்கை அது?"

சூசைதாசன் சீவரத்தினத்தின் கையிலிருந்த தொகுப்பைக் காட்டினார். "உதுக்குள்ளைதான். மட்டை எங்கை கிடக்குது இப்ப? கழிச்ச கடதாசியளை ஒண்டுக்கு மேலை ஒண்டு ஒட்டி, கல்லுப் பாரம் வைச்சு, நானே மட்டை செய்யிறன். உங்கடை அட்டையள்தான் உங்கடை மட்டை."

"அப்ப பிரிச்சு எடுக்கலாம்!" என்றார் நாகலிங்கம்.

"மரவள்ளிப் பசை பிடிச்சால் பிடிச்சதுதான். பிரிச்சால் மாவாய்த்தான் வரும்."

சீவரத்தினம் தொகுப்பின் பின்மட்டையைத் தடவிப் பார்த்தார். அந்த முகம் அவருடைய உள்ளங்கைக்குக் கீழே, அரை அங்குலத்துக்குள் இருந்தது. சட்டென்று ஒரு வெளிச்சம் வந்தது.

"சூசைதாசன், ஒட்டேக்கை நீர் அதைப் பார்த்தனீரோ?"

"ஓம், பார்த்தனான். பக்கம் முழுக்க ஒரு முகம்."

இருவரும் அவர் மேல் விழாத குறை. "ஆர் அது? ஆர்?"

"எனக்கு எப்பிடித் தெரியும்?" என்றார் சூசைதாசன், பசையைக் கிண்டிக்கொண்டே. "வாசிப்பு வேண்டாம் எண்டு ஒவ்வொருக்காலும் எழுதித் தாறனீங்கள். பன்னிரண்டு புத்தகம் கட்டினன், ஒரு வரி வாசிச்சிருப்பனே? எனக்கு உதிலை ஒருத்தரையும் தெரியாது."

இப்படி நேர்மையான ஒரு மனிதரை நீங்கள் வாழ்க்கையில் சந்தித்திருக்கிறீர்களா? சீவரத்தினம் சந்தித்ததில்லை. சந்தித்த அன்றுதான் அவர் கண் கலங்கினார்.

வழி ஒன்றுதான் இருந்தது. முகத்தைக் கண்ட ஒரே சாட்சி சூசைதாசன். அவருக்குக் கதையில் வருகிற எல்லாரையும் காட்டி, 'இவனா, அவனா' என்று கேட்க வேண்டும். சீவரத்தினம் திரும்பிச் சண்டிலிப்பாய்க்கு மிதித்தார். கண்ணாடி அலுமாரியைத் திறந்தார். பதினொரு தொகுப்பையும் ஓர் உரப்பைக்குள் போட்டார். "எங்கை கொண்டு போறியள்?" என்று ஞானாம்பிகை கேட்டதற்கு, "ஓராளுக்கு வாசிக்கக் குடுக்க" என்று சொன்னபோது அவருடைய குரல் அவருக்கே அடையாளம் தெரியவில்லை. ஞானாம்பிகை அவருடைய நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

சூசைதாசன் பசைக் கையை வேட்டியில் துடைத்தார். அதுதான் அவருடைய கை கழுவல். பெருவிரலை நாக்கில் நன்றாகத் தோய்த்து முதல் பக்கத்தைப் புரட்டினார். சீவரத்தினம் கண்ணை மூடிக்கொண்டார். மூடினாலும் அந்த நாக்குச் சத்தம் கேட்டது. ஆனாலும் பழைய சட்டம் முழுதாக விட்டுப்போகவில்லை. "ஆகலும் விரிக்காதையும், இவ்வளவு போதும்" என்று அவரே இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டார். சூசைதாசன் தலையைச் சரித்து, வேலிக்கு மேலால் எட்டிப் பார்ப்பவர்போல் பார்த்தார்.

"இவவோ?" என்று சீவரத்தினம் ஆசையோடு மிஸ் லோலாவைக் காட்டினார்.

"அது பொம்பிளை எல்லே? நான் கண்டது மீசை வைச்ச ஆள்."

பதினான்கு வருடக் கட்சி ஒன்று அந்த இடத்திலேயே கவிழ்ந்தது. நாகலிங்கம் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு கேணல் பரசுராமரைக் காட்டினார்.

"இந்தாளுக்குத் தாடியும் கிடக்கு. அந்தாளுக்குத் தாடி இல்லை."

நாகலிங்கமும் கவிழ்ந்தார். டாக்டர் கபாலி, இரட்டையர் இருவர், ஊமைச் சாரதி, மொட்டை மந்திரி என்று ஒவ்வொருவராகக் காட்டினார்கள். மீசைக்காரர் எல்லாரையும்கூட 'இந்தாள் இல்லை' என்று சூசைதாசன் தள்ளினார். சந்தைக்கு வந்தவர்கள் மரக்கறிப் பையோடு உள்ளே எட்டிப் பார்த்து, "என்ன, களவு ஏதும் போட்டுதோ? ஆளை அடையாளம் காட்டீனமோ?" என்று விசாரித்துவிட்டு அங்கேயே நின்றுவிட்டார்கள். மத்தியானமாயிற்று. பதினொரு தொகுப்பும் முடிந்தது.

"நான் கண்ட ஆள் இதிலை இல்லை, ஐயா."

நாகலிங்கம் வெயிலைப் பார்த்தார். "நான் போய்ப் பெட்டி கட்ட வேணும், சீவரத்தினம். விடு. பரவாயில்லை" என்றார். பரவாயில்லை என்று சொல்கிறவர்களின் முகத்தில் எப்போதாவது பரவாயில்லை என்று எழுதியிருக்கக் கண்டிருக்கிறீர்களா?

சூசைதாசன் மட்டும் முதல் தொகுப்பைத் திரும்ப எடுத்து மூன்றாம் பக்கத்தை உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். "இதிலை ஒரு குரல் கேக்குது. 'கோப்பு பத்திரமாக இருக்கிறது' எண்டு. ஆர் சொல்லுறது?"

"அது அச்சுப்பிழை" என்றார் சீவரத்தினம். "எல்லாப் புத்தகத்திலையும் கிடக்கு. பேச்சுக் குமிழி மட்டும் இருக்கும், ஆள் இருக்காது."

"குமிழியின்ரை வால் தையலுக்குள்ளை எல்லே போகுது? ஆள் உள்ளுக்கை நிக்கிறான் போலை. அகல விரிச்சால் தெரியும்."

"முதுகு முறிஞ்சு போகுமே!"

"முறியும்தான். விரிக்கிறேல்லை எண்டால் நான் ஏன் மினக்கெட்டுத் தைக்கிறன்? ஒரு செங்கல்லுக்கு உறை போட்டுத் தந்திருப்பனே."

சனம் சிரித்தது. சீவரத்தினம் சிரிக்கவில்லை. அவர் முதல் தொகுப்பைப் பார்த்தார். எழுபத்தெட்டில் வாங்கியது. பதினான்கு வருடம் ஒரு கீறல் இல்லை, ஒரு மடிப்பு இல்லை. பிறகு நாகலிங்கத்தைப் பார்த்தார். அந்த மனிதர் பதினான்கு வருடம் இவருடைய தோளுக்குப் பின்னால் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றவர். ஒருநாளாவது அவரை இருக்கச் சொல்லிக் கையில் புத்தகத்தைக் கொடுக்கவில்லையே என்று அப்போதுதான் சீவரத்தினத்துக்குச் சுட்டது. ஞாயிற்றுக்கிழமை ஒரு பக்கத்தைத் திருப்பிக் காட்டியிருந்தால் முடிந்திருக்கும். நாளைக்கு இந்தத் தோளுக்குப் பின்னால் யார் நிற்கப் போகிறார்?

"முறியும்" என்றார் சீவரத்தினம்.

சூசைதாசன் புத்தகத்தை மேசையில் போட்டு, இரண்டு உள்ளங்கையையும் வைத்து அமத்தினார். படக்கென்று ஒரு சத்தம். சீவரத்தினத்துக்குத் தன் முதுகே முறிந்த மாதிரி இருந்தது. தையல் ஓரத்து இருட்டிலிருந்து, பதினான்கு வருடமாக ஒருவரும் காணாத அரை அங்குலம் வெளியே வந்தது. அதில் ஒரு கதவு. கதவில் ஒரு பூட்டு. பூட்டுக்குப் பக்கத்தில் மீசையோடு ஒல்லியாக ஓர் ஆள், கையில் திறப்புக் கோர்வை.

"உவன்தான்!" என்று கத்தினார் சூசைதாசன். "உவன்தான் ஐயா, உவனேதான்!"

இரண்டாம் தொகுப்பு, படக். அதே ஆள். மூன்றாம் தொகுப்பு, படக். அதே ஆள். நான்காவதை சீவரத்தினமே அமத்தினார். ஆறாவதுக்கு வரும்போது அவருக்கு அதில் ஒரு ருசி கண்டுவிட்டது. எந்த இதழை விரித்தாலும் ஓரத்தில் அந்த ஆள் நின்றான். இரகசியப் பிரிவின் கோப்பு அறைக் காவலாளி. தூசி படாமல் இருக்கவென்று இரண்டு கையிலும் கறுப்புக் கையுறை. பட்டப்பகலில், எல்லாருடைய கண்ணுக்கு முன்னாலும், கையுறையைப் போட்டுக்கொண்டே நின்றிருக்கிறான்! கோப்புக் கேட்டு வருகிறவர்களிடம் அவன் சொல்லுகிற பதில்களும் இப்போது முழுதாகத் தெரிந்தன: "கோப்பு பத்திரமாக இருக்கிறது. யாருக்கும் கொடுப்பதில்லை." "இப்போது அறை பூட்டியிருக்கிறது. நாளை வாருங்கள்." "எல்லாம் உங்களுடைய நன்மைக்குத்தான்."

நாகலிங்கத்துக்குச் சிரிப்பு வந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "எடேய், ஒருத்தருக்கும் குடுக்காமல் பூட்டி வைச்சிருந்தவன்தானடா…" என்று தொடங்கியவர் சீவரத்தினத்தின் முகத்தைப் பார்த்ததும் பாதியில் நிறுத்திவிட்டார்.

"சொல்லன்" என்றார் சீவரத்தினம். "நான் எண்டுதானே சொல்ல வாறாய்?"

நாகலிங்கம் அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"சீச்சீ. உனக்கு மீசை இல்லை, மச்சான்."

வெள்ளிக்கிழமை காலை நாகலிங்கத்தின் வாசலில் உழவுமெசின் ஒன்று இரைந்துகொண்டு நின்றது. ஒரு பெட்டி, ஒரு பை, மனுசி, கொஞ்சம் மிளகாய்த்தூள். சீவரத்தினம் வேலியைச் சுற்றி வந்து, கடதாசியில் சுற்றாத, உறை போடாத முதல் தொகுப்பை நாகலிங்கத்தின் கையில் வைத்தார். முறிந்த முதுகோடு அது தொங்கியது.

"வாசிச்சிட்டு…" என்று தொடங்கினார் சீவரத்தினம். அவருக்குத் தெரிந்த வசனத்தின் மிச்சம் 'உடனை திருப்பித் தா' என்பது. அது வாய்க்குள்ளேயே நின்றுவிட்டது.

"வாசிச்சிட்டு?" என்று கேட்டார் நாகலிங்கம்.

"வாசிச்சிட்டு… உன்னட்டையே கிடக்கட்டும்."

சொல்லி முடித்ததும் அவருக்கு அழுகை வந்துவிட்டது. புத்தகத்துக்காக அழுதாரா, சிநேகிதனுக்காக அழுதாரா என்று ஞானாம்பிகைக்குச் சந்தேகம் இருந்தது. இரண்டுக்கும்தான் என்று நான் நினைக்கிறேன். நாகலிங்கமும் கண்ணைத் துடைத்துக்கொண்டு ஏறினார். உழவுமெசின் நகர்ந்தது. முடக்கில் திரும்பப் போகிற நேரம் சீவரத்தினம் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் ஓடினார். நாகலிங்கத்தின் மனுசி, ஏதோ மறந்துவிட்டது என்று பதறி எட்டிப் பார்த்தாள்.

"எச்சில் தொட்டுப் புரட்டாதை!" என்று கத்தினார் சீவரத்தினம்.

பிறவிக் குணம் லேசில் போகுமா, வாசகரே? சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். நான் அந்த இனம் இல்லை, என்னிடம் அலுமாரியும் இல்லை அரைஞாணில் திறப்பும் இல்லை என்கிறீர்கள். மிக நல்லது. அப்படியானால் ஒரு சின்ன உதவி. இதை வாசித்து முடித்ததும், இந்தப் புத்தகத்தைக் கொண்டுபோய் அடுத்த வீட்டுக்காரரிடம் கொடுத்துவிடுங்கள். எப்போது திருப்பித் தருவார் என்று கேட்க வேண்டாம். சும்மா கொடுத்துவிட்டு வாருங்கள்.

இப்போது உங்கள் கை இந்தப் புத்தகத்தைக் கொஞ்சம் இறுக்கிப் பிடித்ததே, அதைத்தான் இவ்வளவு நேரமும் சொல்லிக்கொண்டிருந்தேன்.